யாரை ‘அம்மா’ என்பது?

அன்பு என்றால் என்ன என்று கேட்டால் பதில் சொல்ல நம்மில் எவரும் தயங்கமாட்டோம். கூட இருப்பது அன்பு என்போம். பிறருக்காகத் தன்னை வருத்திக்கொள்வது அன்பு என்போம். இரண்டும் சரிதான். ஆனால் வாசகர்களே, பிள்ளையோடு கூட இருந்தால் அதன் பசியைத் தீர்க்க வழியில்லை, பசியைத் தீர்க்கப் போனால் கூட இருக்க வழியில்லை என்று வரும்போது எதை அன்பு என்பீர்கள்? இந்தக் கேள்வி புத்தகத்தில் பிறந்ததல்ல. திருகோணமலை மாவட்டத்தின் தென்கோடியில், வெருகல் ஆற்றங்கரையில், எத்தனையோ வீடுகளில் கேட்கப்படும் கேள்வி இது.

வெருகலை நீங்கள் அறிந்திருப்பீர்கள். மகாவலி கங்கையின் கிளையொன்று கடலைத் தேடி வரும் இடம். சித்திர வேலாயுத சுவாமி கோவில் உள்ள ஊர். வயலும் சேனையும் மாடும் ஆற்று மீனுமாக வாழ்ந்த மக்கள். 2004ஆம் ஆண்டு கடல் வந்து அடித்தது. 2006ஆம் ஆண்டு யுத்தம் துரத்த, வாகரைக்கும் அங்கிருந்து மட்டக்களப்பு முகாம்களுக்கும் ஓடினார்கள். திரும்பி வந்தபோது மாடுமில்லை, தோணியுமில்லை. ‘பாதை’யில் ஏறிக் கடந்த ஆற்றுக்கு 2011ஆம் ஆண்டு பாலம் வந்தது. பாலத்தோடு தொழிலும் வந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை இருந்திராது.

ஆகவே தாய்மார் புறப்பட்டார்கள். குவைத்துக்கும் சவூதிக்கும் கட்டாருக்கும் வீட்டு வேலைக்கு. பொதுவாக இரண்டு வருட ஒப்பந்தம். கைப்பிள்ளை அம்மம்மாவிடம்.

அந்த இரண்டு வருடத்தை அம்மம்மாவின் பக்கத்திலிருந்து சற்று நினைத்துப் பாருங்கள். மூட்டு வலியோடு விடிய எழும்ப வேண்டும். காய்ச்சல் வந்தால் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடக்க வேண்டும். பல்லு முளைப்பதும், முதல் சொல்லும், கிணற்றடியில் விழுந்து முழங்கால் கிழிவதும் அவள் கண் முன்னேதான். பிள்ளை அவளை ‘அம்மா’ என்று கூப்பிடத் தொடங்குகிறது. திருத்தலாமா, விடலாமா? திருத்தினால் பிள்ளைக்கு விளங்காது. விட்டால் கடலுக்கு அப்பால் உள்ளவளுக்கு நெஞ்சு வெடிக்கும். கிழவி யோசித்து, “அம்மா இல்லையடி, அம்மம்மா” என்கிறாள். பிள்ளை சிரித்துவிட்டு மறுபடியும் ‘அம்மா’ என்கிறது.

பிறகு ஒருநாள் பெட்டியோடு தாய் வந்து இறங்குகிறாள். பிள்ளை கிழவியின் சேலைக்குப் பின்னால் ஒளிக்கிறது. எட்டிப் பார்த்து, “இது ஆர்?” என்கிறது.

இதை வைத்துத்தான் ஊர் தீர்ப்புச் சொல்கிறது: “பிள்ளையைப் போட்டுவிட்டுப் போனவள்.” தகப்பன் கட்டாருக்குப் போனால் அவரைப் ‘போட்டுவிட்டுப் போனவர்’ என்று எவரும் சொல்வதில்லை, உழைக்கப் போனவர் என்கிறோம். அரசாங்கத்தின் கணக்கும் ஏறக்குறைய இதுதான். 2013ஆம் ஆண்டு குடும்பப் பின்னணி அறிக்கை என்றொன்றைக் கொண்டுவந்து, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் வீட்டு வேலைக்கு வெளிநாடு போகக்கூடாது என்றார்கள். 2022ஆம் ஆண்டு அந்த வயதை இரண்டாகக் குறைத்தார்கள். பிள்ளைகளைப் பற்றிய கவலை நியாயமானது. தாயில்லாத வீட்டில் பிள்ளைகள் படும் பாடு பொய்யல்ல. ஆயினும் அந்த அறிக்கை பெண்ணிடம் மட்டுமே கேட்கப்பட்டது. அனுப்பும் காசைத் தவறணையில் கொடுத்துவிட்டு வரும் தகப்பனுக்கு எந்த அறிக்கையும் கிடையாது.

அன்பு ஒருவரை எவ்வளவு தூரம் கொண்டுபோய்விடும் என்பதற்கு நமது மாவட்டத்திலேயே ஒரு பெயர் இருக்கிறது. வெருகலுக்கு வடக்கே மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக். ஏழை வீட்டு மகள். பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் காப்பாற்றவென்று, கடவுச்சீட்டில் வயதைக் கூட்டிப் பதிந்து, 2005ஆம் ஆண்டு 17 வயதில் சவூதிக்கு அனுப்பப்பட்டார். போய்ச் சில வாரங்களுக்குள், அவர் பொறுப்பில் விடப்பட்ட நான்கு மாதக் குழந்தை இறந்தது. பால் கொடுக்கையில் மூச்சுத் திணறியது என்றார் அவர். கொலை என்றது நீதிமன்றம். 2013 ஜனவரி 9ஆம் திகதி மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அந்தப் பிள்ளையை அன்பில்லாதவள் என்று எவராவது சொல்வார்களா? தானே பிள்ளையாக இருந்த ஒருத்தி, தன் வீட்டுப் பிள்ளைகளுக்காக, இன்னொரு வீட்டுப் பிள்ளையைப் பார்க்கப் போனாள். அனுப்பிய கைகளையும் ஏழ்மையையும் விட்டுவிட்டுப் போனவளை மட்டும் எடைபோடுவது எனக்கு ஒப்பவில்லை.

கிறிஸ்துவுக்கு முன் 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டோட்டில் நட்பைப் பற்றி எழுதுகையில் ஒன்று சொன்னார்: தூரம் நட்பை அறுத்துவிடுவதில்லை, அதன் செயலை மட்டும் நிறுத்தி வைக்கிறது, ஆனால் பிரிவு நீண்டால் மறதி வந்துவிடும். நண்பர்களைப் பொறுத்தவரை இது உண்மைதான். ஆனால் அவர் வெருகல் அம்மம்மாவைக் கண்டதில்லை. இங்கே தாயின் அன்பு தூரத்தில் இருந்தாலும் அதன் செயல் நிற்பதில்லை. வேறொருத்தியின் கைகளால் நடக்கிறது. மறதி வருவதும் வராததும் அந்தக் கைகளையும், அதைவிட அந்த வாயையும் பொறுத்தது.

“இந்தச் சட்டை அம்மா அனுப்பின காசில் வாங்கினது” என்று ஒரு வீட்டில் சொல்கிறார்கள். “உன்ர அம்மா உன்னை வேண்டாமென்று போயிட்டா” என்று இன்னொரு வீட்டில், பகிடியாகத்தான், சொல்கிறார்கள். பிள்ளைக்குப் பகிடி தெரியாது. முன்பு கசெற்றில் குரலைப் பதிந்து அனுப்பினார்கள். இப்போது வட்ஸ்அப்பில் முகமே தெரிகிறது. ஆனால் எஜமானி தொலைபேசியைப் பறித்து வைத்திருக்கும் வீடுகளும் உண்டு. அந்த மாதங்களில் தாயின் பெயரை வீட்டுக்குள் உயிரோடு வைத்திருக்க வேண்டியவர்கள் நாம்தான்: தகப்பன், அயலவர், ஆசிரியர். பெற்றோர் கூட்டத்துக்குத் தகப்பன் ஒருநாள் தொழிலை விட்டுவிட்டுப் போகலாம். கிழவிக்கு முடியாத நாளில் பக்கத்து வீட்டுக்காரி பிள்ளையைப் பாடசாலைக்குக் கூட்டிப் போகலாம்.

திரும்பி வந்தவளுக்கு எல்லாவற்றிலும் கடினமான வேலை அதன் பிறகுதான். தன் பிள்ளை தன்னைவிட இன்னொருத்தியை நேசிப்பதைப் பார்த்தும், அவள்மேல் கோபப்படாமல், அவளுக்கு நன்றியோடு இருக்க வேண்டும். பொம்மையைக் காட்டிப் பிள்ளையைப் பறித்தெடுக்கக் கூடாது. கிழவிக்கும் வேலை இருக்கிறது: இத்தனை நாள் மார்போடு அணைத்ததை, கொஞ்சம் கொஞ்சமாக, நோகாமல் விட்டுக்கொடுக்க வேண்டும். அந்தப் பிள்ளையின் ‘அம்மா’ என்ற ஒரு சொல்லில் இருவருக்கும் பங்குண்டு. யாருக்கு எவ்வளவு என்று எந்த நீதிபதியாலும் பிரித்துக் கொடுக்க முடியாது.

முதல் சில இரவுகள் பிள்ளை அம்மம்மாவின் பாயில்தான் படுக்கும். படுக்கட்டும். பக்கத்தில் தாய் தன் பாயை விரித்துக்கொள்ளட்டும்.