இலைக்குள் ஒரு நூல்

ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை. இரவெல்லாம் இடியோடு பெய்த மழை விடியலில்தான் ஓய்ந்திருந்தது. சேக்காட்டில் எங்கள் தெருமுனையில் கூடை இறக்கும் பூக்கார அம்மா, என்னைப் பார்த்ததும் முழம் போடத் தொடங்கிவிட்டார்.

"திருமுல்லைவாயிலுக்குத்தானே சார்? முல்லை இப்பதான் வந்துச்சு. ரெண்டு முழம் வாங்கிக்குங்க."

கையில் வாங்கினேன். ஈரம் தெரிந்தது. மணம் தெரிந்தது. பூ தெரியவில்லை. இரண்டு கண்களிலும் புரை. சர்க்கரை இறங்கட்டும், அப்புறம் அறுவைச் சிகிச்சை என்று மருத்துவர் தள்ளி வைத்திருந்தார்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்குத் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவன் நான். இதழை எண்ணு, மகரந்தத்தாளை எண்ணு, சூலகத்தைக் குறுக்கே அறுத்து அறைகளை எண்ணு, பிறகு பெயர் சொல்லு என்று பழக்கியவன். பெந்தமும் ஹூக்கரும் 1862 முதல் 1883 வரை உழைத்து 97,205 சிற்றினங்களை வரிசைப்படுத்தினார்கள். அந்த வரிசையே எனக்குப் பாராயணம். கைலென்ஸை ஒரு கண்ணில் வைத்து மறுகண்ணை மூடும்போதெல்லாம் கர்ப்பகிருகத்துத் திரை விலகுவதுபோல் இருக்கும். அந்தக் கண்தான் மங்கிப் போனது. "உன் படைப்பைப் பார்க்கத் தந்த கண்ணை நீயே ஏன் சாத்துகிறாய்?" என்று பல மாதங்களாகத் திருமுல்லைவாயில் ஈசன் மாசிலாமணியிடம் முறையிட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்கு அவர் பதில் சொன்ன நாள் அது.

இந்து கல்லூரி நிலையத்தில் ரயில் ஏறினால் ஆவடி, அண்ணனூர், அடுத்தது திருமுல்லைவாயில். அந்தத் தலத்தின் கதையை இந்த வட்டாரத்தில் அறியாதவர் இல்லை. தொண்டைமான் யானைமேல் வருகிறான். யானையின் கால் முல்லைக்கொடியில் சிக்கிக்கொள்கிறது. அவன் வாளை உருவிக் கொடியை வெட்டுகிறான். கொடியிலிருந்து இரத்தம் பெருகுகிறது! பதறி இறங்கிப் பார்த்தால் உள்ளே சிவலிங்கம், வெட்டுப்பட்ட முடியோடு. அந்தக் காயம் குளிர வேண்டும் என்றுதான் ஆண்டெல்லாம் சந்தனக் காப்பு. அம்பிகையின் பெயரும் கொடியிடை நாயகி. கொடியே தலம், கொடியே தாய்.

திருவொற்றியூரில் சங்கிலியாரைப் பிரிந்து, சபதம் தவறிக் கண்ணொளி இழந்த சுந்தரர், தட்டுத் தடுமாறி வந்து நின்று பாடிய சந்நிதியும் இதுவே. அவர் நின்ற இடத்தில்தான் நானும் என் புரைக்கண்ணோடு நின்றேன்.

"வாங்கோ சார். இப்படித் தூண் பக்கமா வந்து நில்லுங்கோ" என்றார் குருக்கள். சந்நிதிக்கு முன்னே இருபுறமும் வெள்ளெருக்குத் தூண்கள். ஒரு செடி தூணாகி இறைவனுக்குக் காவல் நிற்கும் அதிசயம்! அர்ச்சனைத் தட்டில் எருக்கம்பூ, அரளி, நந்தியாவட்டை மூன்றும் சேர்ந்திருப்பதாகக் குருக்களின் உதவியாளர் சொன்னார்.

நெஞ்சுக்குள் ஏதோ ஒரு மடை உடைந்தது. நான் பாடம் நடத்திய நாளில் எருக்கு ஒரு குடும்பம். அரளியும் நந்தியாவட்டையும் வேறு குடும்பம். பூவின் அமைப்பைக் கண்ணால் பார்த்துப் பிரித்தது அது. 1998இல் உலகத் தாவரவியலார் கூடி, டி.என்.ஏ. காட்டிய உறவின்படி பூக்கும் தாவரங்களை மறுபடி வகுத்தபோது, அந்த இரண்டு குடும்பங்களையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். எருக்கும் அரளியும் நந்தியாவட்டையும் இன்று ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். இந்தச் செய்தி வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே, இந்த மூன்றையும் ஒரே தட்டில் ஏந்தி ஒருவர் காலடியில் வைத்துக்கொண்டிருந்தோமே!

அதற்கு ஒரு வாரம் முன்னால்தான் என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். இப்போது தாவர மரபியல் ஆய்வில் இருக்கிறாள். என் கண்ணின் நிலை கேட்டு வருந்தியவள், சமையலறைக்குள் போனாள். பசலைக்கீரையை அரைத்தாள். உப்பும் பாத்திரம் கழுவும் சோப்பு நீரும் கலந்து வடிகட்டினாள். ஐஸ்பெட்டியில் குளிரவைத்த ஸ்பிரிட்டைக் கண்ணாடித் தம்ளரின் ஓரமாக மெல்ல இறக்கினாள். சற்று நேரத்தில் பச்சைக்கும் தெளிவுக்கும் நடுவே வெண்மையாக ஏதோ திரண்டு மேலெழுந்தது. குச்சியில் சுற்றி என் முகத்தருகே நீட்டினாள்.

"இதான் டி.என்.ஏ. நூல் மாதிரி இருக்குல்ல சார்? இதுக்குள்ளதான் பேர் எழுதியிருக்கு. இதைப் படிக்க லென்ஸ் வேணாம், பூவும் வேணாம். காய்ஞ்ச சருகு போதும்."

நூல்! தமிழ் எப்படி இதை முன்கூட்டியே அறிந்து வைத்திருந்தது? இழையும் நூல், ஏடும் நூல். இலைக்குள் இழையாகக் கிடப்பதும் நூல். அந்த இழையில் ஏ, டி, ஜி, சி என்னும் நான்கே எழுத்துகளால் எழுதப்பட்டிருப்பதும் நூல்.

சந்நிதியில் மணி ஒலித்தது. குருக்கள் தீபத்தை உயர்த்தினார். என் கண்ணுக்குத் தெரிந்தது ஒரு பொன்னிற மங்கல் மட்டுமே. கண்ணை மூடிக்கொண்டேன். மூடிய கண்ணுக்குள் சைவ சித்தாந்தத்தின் மூன்று சொற்கள் சுடர்விட்டன. இறைவன் உயிர்களோடு ஒன்றாய், வேறாய், உடனாய் நிற்கிறான் என்று சிறு வயதில் கேட்ட பாடம். பொருள் புரியாமல் அறுபது வருடம் சுமந்த சொற்கள்!

ஒன்றாய். தாவரங்களின் பெயரை அறிய விஞ்ஞானிகள் படிக்கும் ஏடுகளில் ஒன்று ஆர்.பி.சி.எல். என்னும் மரபணு. ஏறத்தாழ 1,400 எழுத்து நீளம். அது செய்யும் தொழில் என்ன? காற்றிலிருந்து கரியைப் பிடித்து உணவாக்கும் புரதத்தில் பாதியை உண்டாக்குவது. பூமியில் மிகுதியாக இருக்கும் புரதம் அதுவே என்று கருதுகிறார்கள். ஆல், அரசு, வேம்பு, வில்வம், சேக்காட்டு ஏரிக்கரையின் புல், என் காலடிப் பாசி எல்லாவற்றிலும் ஒரே ஏடு, சிற்சில எழுத்து மாறி. உலகுக்குச் சோறு போடும் இடத்திலேயே பெயரையும் பொறித்து வைத்திருக்கிறான்! அன்னதானம் நடக்கும் மண்டபத்திலேயே கல்வெட்டு!

1993இல் மார்க் சேஸும் உடன் 41 பேரும் அந்த ஏட்டை 499 விதைத் தாவரங்களில் ஒப்பிட்டார்கள். அப்போது வெளிப்பட்ட உறவுகளில் ஒன்றை நினைத்தால் இன்றும் மெய் சிலிர்க்கிறது. தாமரையும் அல்லியும் ஒரே குளத்தில், ஒரே மாதிரி இலை விரித்து, ஒரே மாதிரி மலர்வதால் உறவென்று நினைத்தோம். உறவில்லை. தாமரைக்கு நெருங்கிய உறவு காஷ்மீரத்தில் வானுயர நிற்கும் சினார் மரத்தின் இனம்! நீரில் கிடப்பவளும் பனிமலைச் சாரலில் நிற்பவனும் உடன்பிறந்தார் வழி. என் மாடித் தொட்டியில் ஒரு தாமரை வைத்திருக்கிறேன். அதற்குள் இமயம் இருந்திருக்கிறது, இத்தனை நாளும்.

வேறாய். அந்தச் சிற்சில எழுத்து மாற்றத்தில் அல்லவா அவன் திருவிளையாடல்! வெள்ளியங்கிரி ஏழுமலையும் மூங்கில் தடி ஊன்றி ஒருமுறை ஏறியிருக்கிறேன். ஏழாம் மலையில் சுயம்புநாதரைக் கண்ட களிப்பில், கால்கீழ் மிதிபட்ட புல்லைக் குனிந்தும் பார்க்கவில்லை. அந்த மலையில் வாழும் இருளரும் மலசரும் பார்த்திருந்தார்கள். ஒத்த உருவமுள்ள புற்களுக்குள்ளே "இது வேறு" என்று ஒன்றைத் தனியே சொன்னார்கள். சுப்பிரமணியம் ரகுபதியும் ஸ்டீவன் நியூமாஸ்டரும் அவர்கள் சொன்னதைக் காதில் வாங்கி டி.என்.ஏ.வைப் படித்தார்கள். மலைமக்கள் சொன்னதே சரி. உலகம் அதுவரை அறியாத அந்தப் புல், 2008இல் டிரைபோகன் கோப் என்று பெயர் பெற்றது. நாதனைத் தேடி ஏறிய நான் மிதித்துப் போன புல்லில், நாதன் தனியாக ஓர் எழுத்து எழுதி வைத்திருந்தான்.

எழுத்து வேறானால் பலனும் வேறு. வடமொழி மருத்துவ நூல்கள் பலா என்று போற்றும் மூலிகையின் பெயரில் கடைகளில் விற்கும் சரக்குகளை, காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பரணியின் குழுவினர் சோதித்து 2015இல் எழுதினார்கள். ஒன்றுகூட உண்மையான மூலிகை இல்லை. பெரும்பாலானவை அதன் உறவுச் செடிகள். சில உறவே இல்லாதவை. காய்ந்து பொடியான பின் எந்தக் கண் அதைக் கண்டுபிடிக்கும்? பொடியான பின்னும் பெயர் அழியவில்லை. அதுதான் என்னை அழவைத்தது. இடித்தாலும் சலித்தாலும் ஒவ்வொரு துகளும் தன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. நாமஜபம் என்றால் இதுவல்லவா!

உடனாய். ஆர்.பி.சி.எல். இருக்கும் இடம் பசுங்கணிகம். பசுங்கணிகமோ நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னே தனித்து நீந்திய ஒரு நுண்ணுயிரின் வழிவந்தது. மற்றோர் உயிருக்குள் புகுந்து, அதைவிட்டுப் பிரியாமல் தங்கிவிட்டது. ஆகவே ஒரு செடியின் பெயரை, அதற்குள் உடனிருப்பவரின் ஏட்டில் படிக்கிறோம். இதைவிட உடனிருப்பதற்கு வேறு விளக்கம் உண்டா?

இலைக்குள் இன்னும் ஒருவர் இருக்கிறார். நோயில்லாத, பச்சைப் பசேலென்ற இலைக்குள்ளே பூஞ்சைகள் சத்தமில்லாமல் குடியிருக்கின்றன. சென்னையில் பேராசிரியர் சூரியநாராயணன் அலையாத்தி இலைகளிலும் முதுமலைக் காட்டு மரங்களிலும் ஆண்டுக்கணக்கில் அவற்றைத் தேடினார். அவற்றுள் சில, ஆய்வகத் தட்டில் வளர்த்தாலும் வித்து விடுவதில்லை. உருவத்தைப் பார்த்துப் பெயர் சொல்ல வழியே இல்லை. உருவமற்றவருக்கும் நூல் உண்டு. பூஞ்சைகளின் பெயரைப் படிக்க உலக அறிஞர்கள் 2012இல் ஏற்றுக்கொண்ட பகுதி ஐ.டி.எஸ். உழைக்கும் மரபணுக்களுக்கு இடையே கிடக்கும் இடைவெளி அது. உயிரணு அதைப் படியெடுத்துவிட்டு வெட்டி எறிந்துவிடும். அதிலிருந்து எந்தப் புரதமும் பிறப்பதில்லை. தொழில் பெரிதாக இல்லாததால் அது ஏறத்தாழ விருப்பம்போல் மாறலாம். மாறுவதாலேயே இனத்துக்கு இனம் வேறுபட்டுப் பெயர் சொல்கிறது. தென்முகக் கடவுளே! கல்லால மரத்தடியில் பேசாமல் இருந்து உபதேசித்தாயே, அந்த மௌனத்தை இங்கேயும் வைத்தாயா?

அன்று காலை வரும் வழியில், ஏரிக்கரைப் பக்கம் ஒரு பட்ட மரத்தில் காளான் பூத்திருப்பதைக் கைதொட்டு அறிந்திருந்தேன். மரத்தில் முளைத்ததால் அது மரத்துக்கு உறவு என்றே நெடுங்காலம் தாவரங்களோடு சேர்த்துப் படித்தோம். நூல் வேறு சொல்கிறது. காளானுக்கு மரத்தைவிட நாம் நெருங்கிய உறவு. தொட்டவனும் தொடப்பட்டதும் ஒரு கிளை! தெரியாமலே உறவினர் வீட்டு வாசலில் குனிந்து நின்றுவிட்டு வந்திருக்கிறேன்.

எவ்வளவு நேரம் நின்றேனோ. "சார், பிரசாதம்" என்று குருக்கள் என் உள்ளங்கையில் முல்லைச் சரத்தில் ஒரு துண்டும் சந்தனமும் வைத்தபோதுதான் கண்ணீர் வழிந்து சட்டை நனைந்திருப்பது தெரிந்தது.

கண்ணைச் சாத்தியதன் காரணம் புரிந்துவிட்டது மாசிலாமணியே! பெயரை நான் எண்ணிக் கண்டுபிடித்தேன் என்று முப்பத்து நான்கு வருடம் நினைத்திருந்தேன். இருட்டில், யாரும் பாராத இடத்தில், ஒவ்வொரு இலையின் ஒவ்வொரு உயிரணுவிலும் நீ எழுதி முடித்து வைத்திருந்தாய். என் லென்ஸுக்காக எதுவும் காத்திருக்கவில்லை. தாவரங்களுக்கென ஆர்.பி.சி.எல்.லையும் இன்னொரு மரபணு ஏட்டையும் சேர்த்து 2009இல் சோதித்தபோது, நூற்றுக்கு 72 சிற்றினங்களைத்தான் பிரித்தறிய முடிந்தது. மீதியை இன்னும் மூடியே வைத்திருக்கிறாய். பூஞ்சைகளிலோ இதுவரை பெயரிட்டவை ஒன்றரை லட்சம். இருக்கக்கூடியவை 22 லட்சம் முதல் 38 லட்சம் என்று மதிப்பிடுகிறார்கள். சந்தனக் காப்புக்கு உள்ளே இருப்பவனே, காப்பை நீ களையும்போது பார்த்தால் போதும்.

அதன்பிறகு கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. முல்லையின் வெண்மை பழையபடி தெரிகிறது. லென்ஸும் கைக்கு வந்துவிட்டது. ஒன்றுதான் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் ஏரிக்கரையில் நடக்கும்போது கை சும்மா இராது. போகிற போக்கில் ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்து எறிந்துவிட்டு நடப்பேன். இப்போது கை நீளும்போதே தொண்டைமானின் வாள் நினைவுக்கு வருகிறது. கையை மடக்கிக்கொண்டு, அந்த இலையின் முன்னால் ஒரு கணம் நின்றுவிட்டுப் போகிறேன்.