‘எனக்கு’ என்பதும் ‘உடையேன்’ என்பதும்

ஆங்கிலம் கற்பிக்கும் தொழிலில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்துவிட்ட எனக்கு, அம்மொழியின் மிகச் சிறிய வினைச்சொற்களுள் ஒன்றான ‘ஹேவ்’ என்பதைப் பற்றி முதன்முதலாகச் சிந்திக்கக் கற்றுக்கொடுத்தவள் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி. ‘எனக்கு ஒரு தம்பி இருக்கிறான்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னபோது, தாளின் மறுபுறத்தில் எழுத்துக்கள் புடைத்து நிற்கும்படி பென்சிலை அழுத்தி, ‘டு மீ ஒன் பிரதர் இஸ்’ என்று அவள் எழுதியிருந்தாள். நான் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, ‘ஐ ஹேவ் எ பிரதர்’ என்று மேலே எழுதிப் பொருளையும் சொன்னேன். சற்று நேரம் நோட்டுப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், “அப்படின்னா தம்பியை நான் வெச்சிருக்கேன்னு அர்த்தமா சார்?” என்று கேட்டாள். அன்று மணி அடித்துவிட்டது. கேள்வி மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்தது.

ஆங்கிலேயனுக்கு இந்த வினை இல்லாமல் ஒரு நாழிகைப் பொழுதும் செல்லாது. வீடு, மனைவி, தலைவலி, சந்தேகம், அவகாசம் யாவற்றையும் அவன் இந்த ஒரே சொல்லால் தனதாக்கிக்கொள்கிறான். காப்பி அருந்துவதற்கும் குளிப்பதற்கும் இதுவே உதவுகிறது. போயே தீரவேண்டிய நிர்ப்பந்தத்தைக் கூட அவன் ‘உடையவனாக’ இருக்கிறான். நாமோ தம்பியை ‘எனக்கு’ என்றும், பணத்தை ‘என்னிடம்’ என்றும், கட்டாயத்தை ‘வேண்டும்’ என்றும் வேறு வேறாகச் சொல்லுகிறோம். அச்சிறுமியின் வாக்கியத்தில் எழுவாயாக நிற்பவன் தம்பி. அவளோ நான்காம் வேற்றுமை ஏற்று ஓரமாக நிற்கிறாள். அந்த வேற்றுமைக்குரிய பொருள்களை அடுக்கும் நன்னூலார் கொடையையே முதலில் வைத்தார் என்பதை நினைக்கையில், ‘எனக்கு’ என்னும் சொல்லுக்குள் பெற்றுக்கொள்ளும் கை ஒன்று ஏந்தியிருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. இது தமிழுக்கு மட்டும் உரிய விசேஷமன்று. ரஷ்ய மொழியும் அரபு மொழியும் ஐரிஷ் மொழியும், ஒரு பொருள் ஒருவனிடத்தில் இருப்பதாகவே சொல்லும் மொழிகள்.

‘ஹேவ்’ என்பதன் பூர்வ வடிவம் பழைய ஆங்கிலத்தின் ‘ஹப்பன்’. ஒலி ஒத்திருப்பதால் இலத்தீனின் ‘ஹபேரே’ அதற்கு உறவு என்று பலரும் நினைப்பதுண்டு. ஆனால் மொழிநூலார் காட்டும் உண்மையான உறவு அதே இலத்தீனின் ‘காபேரே’ என்னும் வினையோடுதான். அதற்குப் பற்றுதல், கைப்பற்றுதல் என்று பொருள். சிறைப்பட்டவனைக் குறிக்கும் ‘கேப்டிவ்’ என்னும் சொல்லும் அதன் வழிவந்ததே. தமிழிலும் ‘பற்று’ என்பது கையின் செயலாகவும் மனத்தின் பந்தமாகவும் ஒருங்கே நிற்பதை நினைத்துக்கொள்ளலாம்.

ஆனால் இலக்கணத்தை வைத்து ஒரு ஜனசமூகத்தின் வைராக்கியத்தை அளந்துவிட முடியாது. ‘ஹேவ்’ என்னும் வினை இல்லாத நாம்தாம் கிரயப் பத்திரத்தில் ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய்ச் சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள’ என்று எழுதி, வரப்பில் ஒரு முழத்துக்காகச் சகோதரனோடு நியாயஸ்தலம் ஏறுகிறோம். அந்த வினையோடு பிறந்த ஐரோப்பாவிலேயோ, ஒன்றையும் உடையவனாக இராமல் மனிதன் வாழக் கூடுமா என்ற கேள்வி ஒரு மகாசபையையே உலுக்கியிருக்கிறது. 1226-இல் மறைந்த அசிசி நகர்ப் பிரான்சிஸ், தம் சகோதரர்கள் எதையும் தமதென்று கொள்ளலாகாது என்று விதித்துச் சென்றார். ஆயினும் அவர்களுக்கு உணவும் உடையும் கூரையும் வேண்டியிருந்தன அல்லவா? எனவே, 1279-இல் போப் மூன்றாம் நிக்கோலாஸ், அப்பொருள்களின் உடைமை திருச்சபைத் தலைமையைச் சார்ந்தது, துறவிகளுக்கு வெறும் உபயோகமே உண்டு என்று பிரித்துக் காட்டினார். 1322-இல் போப் இருபத்திரண்டாம் யோவான் அந்த ஏற்பாட்டை ரத்து செய்தார். உண்டவுடன் இல்லாமற்போகும் அப்பத்தில் உபயோகம் வேறு, உடைமை வேறு என்று எப்படிப் பிரிப்பது என்பது அவர் வாதம். கிறிஸ்துவும் அவருடைய சீடர்களும் எதையும் உடையவர்களாக இருந்ததில்லை என்று பிடிவாதமாகச் சாதிப்பது சமயத் துரோகம் என்றும் மறு ஆண்டு அறிவித்தார். ஆங்கிலேயத் துறவியும் பெருந் தர்க்கவாதியுமான ஓக்கம் ஊர் வில்லியம் அதை ஏற்க மாட்டாமல் 1328-இல் போப் வீற்றிருந்த ஆவிஞோன் நகரை விட்டு ஓடி, பவேரியாவில் அடைக்கலம் புகுந்து, சபையிலிருந்து விலக்கப்பட்டவராகவே வாழ்ந்தார்.

போப்பின் தர்க்கத்தில் ஓட்டை காண்பது எளிதன்று. ஆனாலும் என் மனம் துறவிகளின் பக்கமே நிற்கிறது. பசித்தவன் உண்ணும் அப்பம் அவனுக்கு வந்து சேர்ந்தது என்று சொன்னால் போதும். அவன் அதன் எஜமானன் என்றும் சொல்லியாக வேண்டிய அவசியம் என்ன? ஈசாவாசிய உபநிஷத்தின் முதல் மந்திரம் தியாகத்தால் அனுபவிக்கச் சொல்லி, செல்வம் யாருடையது என்று கேட்பதும் இந்த இடத்தில்தான். 1937-இல் திருவிதாங்கூரில் சுற்றுப்பயணம் செய்த காந்தியடிகள் ஊர்தோறும் அந்த ஒரு மந்திரத்தையே எடுத்துப் பேசினார். சர்வத்தையும் துறந்த இராமானுஜருக்கு வைஷ்ணவர்களிடையே வழங்கும் திருநாமம் ‘உடையவர்’ என்பதையும் இங்கே நினைக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகும் ஆங்கிலத்தின் அந்த வினையை என்னால் வெறுக்க முடியவில்லை. அதற்குக் காரணம் அதன் மற்றொரு பிரயோகம். ‘கடிதம் எழுதப்பட்ட நிலையில் என்னிடம் உள்ளது’ என்று பொருள்பட முன்னாளில் வழங்கிய வாக்கியம், காலப்போக்கில் சொற்கள் இடம் மாறி, ‘நான் கடிதம் எழுதியிருக்கிறேன்’ என்று பொருள்படும் ‘ஐ ஹேவ் ரிட்டன்’ ஆயிற்று. உடைமையைச் சொன்ன வினை இவ்வாறு முடிந்த செயலைச் சொல்லும் துணைவினை ஆனபோது, அம்மொழி பேசுவோர் தாம் செய்த ஒவ்வொன்றையும் தம்முடையதாகவே சொல்லும்படி நேர்ந்தது. உயிர்கள் தத்தம் கர்மத்தையே சொத்தாக உடையவை என்று பௌத்த சூத்திரங்கள் போதிப்பதும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை. மோதிரத்தைத் தொலைத்தவனும் ‘ஐ ஹேவ் லாஸ்ட்’ என்கிறான், அள்ளிக் கொடுத்தவனும் ‘ஐ ஹேவ் கிவன்’ என்கிறான். பொருள் இருவர் கையிலும் இல்லை, செயல் மட்டும் அவரவரோடு இருக்கிறது.

ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களை நான் வேண்டிக்கொள்வது ஒன்று உண்டு: இந்த வினையைக் கரும்பலகையில் எழுதும் நாளன்று, குழந்தைகள் முதலில் எழுதிவரும் அந்தப் பிழையான வாக்கியத்தை உடனே அடித்துவிடாமல், அதன் பக்கத்திலேயே திருத்திய வாக்கியத்தையும் எழுதி, இரண்டையும் ஒருமுறை அவர்கள் வாயாலேயே படிக்கச் சொல்லுங்கள்.