பார்த்ததற்கும் கூலி உண்டு

தாம் அறியாத ஒன்றில் பிறர் சொல்லை எந்த அளவுக்கு நம்பலாம்? இவ்வினா இல்லறத்தார் அனைவருக்கும் எழுவது. வைத்தியரிடமும், பொற்கொல்லரிடமும், கட்டட மேஸ்திரியிடமும் அது எழுகிறது. நமக்கோ ஒரு பழைய காரின் அடியில் விழுந்த எண்ணெய்த் துளியால் எழுந்தது. செய்தி சிறிது; எனினும் அதன் பொருட்டு உண்மை உரைத்த ஒருவரை நாம் ஐயுற்றோம். ஆதலின் அதனை அன்பர்கள் முன் வைப்பது கடமை எனக் கருதுகிறோம்.

செங்கற்பட்டில் நமது இல்லத்து வாயிலில் ஓர் அம்பாசடர் கார் நிற்கிறது. கணவர் பயன்படுத்திய வண்டி. அவர் மறைந்த பின்னரும் அதனை விற்க மனம் துணியவில்லை. மிகுபொருள் விரும்பாமை பேசுவோர்க்கு இப்பற்று தகுமோ எனக் கேட்பின், தகாது என்றே ஒப்புக்கொள்கிறோம். 2017ஆம் ஆண்டு மழைக்காலம் முடிந்தபின், கோலமிடும் இடத்தருகே நாள்தோறும் காலையில் இரண்டு மூன்று துளி கரிய எண்ணெய் விழுந்திருப்பதைக் கண்டோம்.

திருக்கழுக்குன்றம் சாலையில் சிறு கொட்டகை அமைத்துத் தொழில் செய்யும் மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் காட்டினோம். அவர் என்ஜினின் வெளிப்புறத்தை நன்கு துடைத்து, சிறிது நேரம் ஓடவிட்டு, அடியில் செய்தித்தாளை விரித்து, ஒரு மணி நேரம் படுத்துப் பார்த்தார். பின்பு எழுந்து, “டீச்சரம்மா, டேப்பட் கவர் பேக்கிங், ஆயில் சேம்பர் பேக்கிங் இரண்டும் நன்றாக இருக்கின்றன. இது பின்பக்கத்துக் கசிவு. இந்த என்ஜினில் இது கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். இதற்காக என்ஜினை இறக்க வேண்டாம். வாரத்துக்கு ஒரு தடவை ஆயில் அளவைப் பாருங்கள், குறைந்தால் ஊற்றுங்கள், போதும்” என்றார். கூலி ஏதும் கேட்கவில்லை. கொடுக்க வேண்டும் என்று நமக்கும் தோன்றவில்லை.

அவரை நாம் நம்பவில்லை. வேலை அறியாதவர்தாம் வேலை வேண்டாம் என்பார் என்று எண்ணினோம். வேறொரு பட்டறைக்குச் சென்று, “ஒரு துளியும் விழக் கூடாது” என்றோம். இரண்டு நாளில் வண்டி திரும்பிற்று. பின்புற ஆயில் சீல் மாற்றியதாகச் சீட்டு எழுதி, நாலாயிரத்துக்கு மேல் பெற்றுக்கொண்டனர். மூன்று திங்கள் ஒரு துளியும் விழவில்லை. முதலில் பார்த்தவரைப் பற்றி உறவினர் இருவரிடம் இகழ்ந்தும் பேசினோம்.

மாசித் திங்களில் உறவினரோடு மாமல்லபுரம் சென்று, அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் நோக்கிச் சென்றுகொண்டிருந்தோம். திடீரென என்ஜின் இரைந்தது, வண்டியோ முன்னேறவில்லை. கருகிய நாற்றம் எழுந்தது. நண்பகல் வெயிலில், கடற்காற்றில், முதியோர் நால்வர் சாலையோரம் நின்றோம். இறுதியில் வண்டியைக் கட்டி இழுத்துவந்து சேர்த்த இடம், அதே திருக்கழுக்குன்றம் சாலைக் கொட்டகைதான்.

அவர் பிரித்துக் காட்டியபோதுதான் உண்மை விளங்கிற்று. அம்பாசடர், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடியொற்றியது. மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் 2014ஆம் ஆண்டு மே மாதம் வரை உற்பத்தி செய்யப்பட்டது. அதன் பழைய 1489 சி.சி. பெட்ரோல் என்ஜினில், கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் ரப்பர் ஆயில் சீல் கிடையாது. திருகின் மறைபோன்ற வரிப்பள்ளம் ஒன்று உண்டு. தண்டு சுழலும்போது அது எண்ணெயை உள்ளேயே திருப்பி அனுப்பும். வண்டி நின்றபின் சில துளி வெளியேறும். அத்துளிகள் கிளட்ச்சில் படாதிருக்க, அதன் கூட்டின் அடியில் சிறு துளை ஒன்று விட்டு, அது அழுக்கால் அடைபடாதிருக்கப் பிளவூசி ஒன்றையும் தொங்கவிட்டிருப்பர். அக்காலத்துப் பொறியியல் வழக்கம் அது. நமது வண்டியில் அத்துளையைத்தான் பசையிட்டு அடைத்திருந்தனர். தேங்கிய எண்ணெய் கிளட்ச் தட்டை நனைத்துவிட்டது. மாற்றியதாகச் சீட்டில் எழுதிய ஆயில் சீல், அந்த இடத்தில் இருப்பதே இல்லை.

“தம்பி, அன்றே இதை விளக்கியிருக்கலாமே” என்றோம். “சொன்னேனே, டீச்சரம்மா” என்றார் அவர். வேறொன்றும் சொல்லவில்லை. அந்தச் சொல் இன்றும் நம் செவியில் நிற்கிறது.

ஏமாற்றியவர் குற்றவாளி என்பதில் ஐயமில்லை. ஆயினும் ‘துளி விழக் கூடாது’ என்று கேட்டவர் யார்? நாம் கேட்டது பழுது நீக்கத்தை அன்று. பழுது கண்ணில் படாதிருப்பதை. கேட்டதை அவர் கொடுத்தார்.

1973இல் டார்பி, கார்னி என்னும் பொருளியல் அறிஞர் இருவர், கார் பழுதுபார்த்தலை எடுத்துக்காட்டாகக் கொண்டு இச்சிக்கலை ஆராய்ந்தனர். சில பணிகள் தேவையா இல்லையா என்பதை, பணம் கொடுத்த பின்னரும் வாங்குவோர் எளிதில் அறிய முடியாது. நோயைக் கூறுபவரே மருந்தையும் விற்கிறார். பொய்க்கு இடம் அங்கேதான் என்பது அவர்கள் கருத்து. இதோடு நாம் ஒன்று சேர்க்க விரும்புகிறோம். வேலை செய்தால் மட்டுமே கூலி, ‘வேலை தேவையில்லை’ என்னும் உண்மைக்குக் கூலி இல்லை என்று வைத்திருப்பவர் வாங்குவோரே. உண்மை சொன்னவர் ஒரு மணி நேர உழைப்பை இழந்தார். பொய் சொன்னவர் நாலாயிரம் பெற்றார். அவ்வாறு பங்கிட்டது நமது கை.

தத்துவார்த்த சூத்திரம் களவாமை விரதத்துக்கு ஐந்து குற்றங்களைக் கூறுவதை அன்பர்கள் அறிவர். அளவையில் வஞ்சித்தலும், போலிப் பொருளை நற்பொருள் என விற்றலும் அவற்றுள் அடங்கும். அவை விற்பவர் மேலன. ஆனால் அவ்வரிசையில் முதலில் நிற்பது, களவு செய்யப் பிறரைத் தூண்டுதல். இதனைப் பல்லாண்டு படித்தும், அது நம்மையும் சுட்டும் என்று எண்ணியதில்லை.

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நமக்குக் கற்பித்த பாடம் ஒன்று உண்டு: மாணவர் கேட்ட வினாவுக்கு விடை தெரியாவிடில், ‘நாளை பார்த்துச் சொல்கிறேன்’ எனக் கூசாது சொல்க. அவ்வாறு சொன்ன ஆசிரியரை வகுப்பு மேலும் நம்பியதை நாம் கண்டிருக்கிறோம். ‘இது வேண்டாம்’, ‘பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்’ என்று சொல்லும் மெக்கானிக்கும் அத்தகையவரே. தம் வருவாய்க்கு எதிராகப் பேசும் சொல்லுக்கு எடை அதிகம்.

இதனால் கண்ணை மூடிக்கொண்டு நம்புக என்பதன்று. எல்லாக் கசிவும் பொறுக்கத்தக்கதன்று. அளவுக்கம்பியில் எண்ணெய் விரைந்து குறைந்தாலும், ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தாலும், சூடான புகைக்குழாயின் மேலோ பிரேக்கின் மேலோ எண்ணெய் பட்டாலும் உடனே பழுது பார்த்தாக வேண்டும். ஆகவே வண்டியின் அடியில் இரவில் அட்டை விரித்துத் துளி விழும் இடத்தை அறிக. ‘இதைச் செய்யாவிடில் என்ன நேரும்?’ என்று கேட்க. கழற்றிய பழைய உறுப்பைக் காட்டச் சொல்க. வினவுதல் அவமதிப்பன்று, விடையைக் கேட்டும் இகழ்தலே அவமதிப்பு.

பொறுத்துக்கொள்ளும் கசிவுக்கும் கடமை உண்டு. கழிவெண்ணெய் மண்ணிலும் நீரிலும் வாழும் சிற்றுயிர்களுக்கு நஞ்சு. மழைநீரோடு அது கொளவாய் ஏரி போன்ற நீர்நிலைகளைச் சேரலாகாது. நாம் இப்போது வண்டியின் அடியில் தகரத் தட்டில் மரத்தூள் இட்டு வைக்கிறோம். திறந்த எண்ணெயில் பூச்சிகள் வீழ்ந்து மடியாதிருக்கவும் அது உதவுகிறது.

நம் வட்டாரத்தில் வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு உருவான காலம் போயிற்று; மறைமலைநகர் ஃபோர்டு ஆலையிலும் 2022இல் கார் உற்பத்தி நின்றது. ஆலைகள் நின்றாலும் வண்டிகள் ஓடுகின்றன. அவற்றைக் காப்பவர் சாலையோரக் கொட்டகையில் இருக்கிறார்.

கிளட்ச் வேலைக்கான கூலியோடு, முன்பு பார்த்ததற்கும் சேர்த்துக் கொடுத்தோம். “அதற்கெல்லாம் வாங்குவதில்லை, டீச்சரம்மா” என்று மறுத்தார். வற்புறுத்தியபின் வாங்கிக்கொண்டார். இகழ்ந்து பேசிய உறவினர் இருவரிடமும் சென்று, நாம் சொன்னது தவறு என்று கூறினோம். பணத்தைக் கொடுப்பதினும் இது கடினமாக இருந்தது.

இன்றும் வாயிலில் இரண்டு துளி விழுகிறது. துளை திறந்திருக்கிறது என்று அறிந்து மனம் அமைகிறது.