மறுப்பு தீர்ப்பாகுமா?

எழுத வந்தோர் எவர்க்கும் போர்க்களம் இரண்டு. உள்ளத்தில் ஊறியதைச் சொல்லாக்கி ஏட்டிலே நிறுத்துவது ஒன்று. நிறுத்தியதை நாட்டார் முன் கொண்டுபோய் வைப்பது மற்றொன்று. முதற்களத்தில் துணையும் தானே, பகையும் தானே. இரண்டாம் களத்திலோ ஒரு வாயில் குறுக்கே நிற்கிறது. வாயிலிலே காவலர் ஒருவர் நிற்கிறார். அவர் தலையசைத்தால் கதவு திறக்கும். கையசைத்தால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

இந்தக் காவலருக்கு அந்த உரிமையைத் தந்தவர் யார்? அவர் 'வேண்டா' என்று சொல்லிவிட்டால், எழுதப்பட்டது பயனற்றது என்று பொருளா? ஆம் என்று தலைகுனிவது அறிவுடைமையா? அல்லது, அநீதி அநீதி என்று அலறுவதுதான் அறிவுடைமையா? எதையும் ஏன், எப்படி என்று கேட்கப் பழகிய தோழர்களே, இந்தக் கேள்வியையும் அந்த உரைகல்லிலே உரைத்துப் பார்ப்போம்.

இலண்டனிலும் நியூயார்க்கிலும் அந்தக் காவலருக்கு 'இலக்கிய முகவர்' என்று பெயர். நம் நாட்டில் தமிழ் எழுத்தாளர் பெரும்பாலும் பதிப்பகத்தாரை நேரே சென்று காண்கிறார். அங்கே பெரிய பதிப்பகங்கள், முகவர் வழியே வராத கையெழுத்துப்படியைப் பெரும்பாலும் தொடுவதில்லை. ஆகவே, புதிதாக எழுத வந்தவர் முதலில் முகவருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். ஒரு பக்கத்துக்கு மிகாத கடிதம். கதை இன்னது, நீளம் இத்தனை சொற்கள், எழுதியவர் இன்னார்—இவ்வளவும் அதற்குள் அடங்க வேண்டும். பலர் உடன் கதைச்சுருக்கமும் தொடக்கப் பக்கங்கள் சிலவும் கேட்பார்கள். பிடித்துப்போனால் முழுப்படியையும் அனுப்பச் சொல்வார்கள். பிடிக்காவிட்டால் இரண்டு வரி மறுப்பு. பல இடங்களில் அந்த இரண்டு வரியும் கிடையாது. 'இத்தனை வாரத்துக்குள் விடை வராவிட்டால் மறுத்துவிட்டதாகக் கொள்க' என்று முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார்கள். ஐந்தாண்டு உழைப்பு, அதற்கு விடை மௌனம்!

இந்தத் தொழில் எப்படிப் பிறந்தது? எழுத்தாளரைத் தடுப்பதற்காகப் பிறக்கவில்லை, காப்பதற்காகப் பிறந்தது. ஜேன் ஆஸ்டின் என்னும் ஆங்கில நாவலாசிரியை 1803-இல் தம் நாவல் ஒன்றைப் பத்துப் பவுனுக்கு ஒரு பதிப்பாளரிடம் விற்றார். வாங்கியவர் அச்சிடவில்லை. ஆண்டுகள் உருண்டன. 1809-இல் ஆஸ்டின் கடிதம் எழுதிக் கேட்டபோது, 'வாங்கிய விலையைக் கொடுத்துத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். வேறெவரிடமும் கொடுத்து அச்சிட்டால் தடுப்பேன்' என்று விடை வந்தது. 1816-இல்தான் அந்தப் பத்துப் பவுனைத் திருப்பிக் கொடுத்துத் தம் உழைப்பைத் தாமே மீட்டுக்கொள்ள முடிந்தது. அந்த நூல் வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை. உரிமை இன்னதென்று எடுத்துச் சொல்ல, ஒப்பந்தத்தை ஊன்றிப் பார்க்க, ஆஸ்டினுக்குத் தொழிலறிந்த துணை இல்லை.

அந்த இடத்தை நிரப்ப வந்தவர் ஏ. பி. வாட். ஸ்காட்லாந்துக்காரர். 1870-களில் இலண்டனில் இத்தொழிலைத் தொடங்கினார். எழுத்தாளருக்குக் கிடைக்கும் வருவாயில் நூற்றுக்குப் பத்து தம் ஊதியம் என்றார். தாமஸ் ஹார்டி, கிப்ளிங், கானன் டாயில் ஆகியோர் அவரை நாடினர். பதிப்பாளர் சிலருக்கோ எரிச்சல்! வில்லியம் ஹைன்மன் என்ற பதிப்பாளர் 1893-இல் இந்த இடைத்தரகர்களைக் கடுமையாகச் சாடினார். இருந்தும் தொழில் வளர்ந்தது. இன்று உள்நாட்டு விற்பனைக்கு 15 விழுக்காடும், வெளிநாட்டு உரிமைகளுக்கு 20 விழுக்காடும் வழக்கமான ஊதியம். எழுத்தாளருக்குப் பணம் வந்தால்தான் முகவருக்கும் பணம். காக்க வந்தவர்தாம், காலப்போக்கில் கதவாகவும் ஆனார்.

இனி, அறத்தின் கேள்விக்கு வருவோம். முகவருக்குக் கடிதம் எழுதுவது இரத்தலா? இல்லை. தமிழில் 'கேட்டல்' என்ற ஒரே சொல் பிச்சை கேட்பதற்கும் உண்டு, கேள்வி கேட்பதற்கும் உண்டு. இரப்பவன் பெறுவதற்கு மட்டுமே கைநீட்டுகிறான். எழுத்தாளர் கையிலோ பண்டம் இருக்கிறது. 'இதனை விற்றுத் தர இயலுமா? விற்றால் உமக்கு இன்ன பங்கு' என்று கேட்கிறார். இஃது ஒருவர் மற்றொருவரைச் சமநிலையில் நின்று வினவும் வினா. ஆதலால் அதிலே புகழுரையும் வேண்டா, புலம்பலும் வேண்டா. 'தாங்கள் மனம் வைத்தால் அடியேன் பிழைப்பேன்' என்று எழுதுகிறவர், கடிதம் போய்ச் சேரும் முன்னரே தன்மானத்தைத் தபாற்செலவாகக் கொடுத்துவிடுகிறார்.

வினாவுக்கு 'இல்லை' என்று விடை வருகிறது. அப்போது அறிவு கேட்க வேண்டியவை மூன்று. எதைப் படித்துவிட்டு இப்படிச் சொன்னார்? சொன்னவர் யார்? எந்தக் கேள்விக்கு இது விடை?

முதற்கேள்வியை எடுத்துக்கொள்வோம். 1797-இல் ஜேன் ஆஸ்டினின் தந்தை, இலண்டன் பதிப்பாளர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார்: கைவசம் ஒரு நாவல் இருக்கிறது, பார்க்க விருப்பமா என்று. வேண்டா என்று உடனே கடிதம் திரும்பிவந்துவிட்டது. நாவலின் ஒரு பக்கத்தைக்கூட அந்தப் பதிப்பாளர் காணவில்லை. அந்த நாவல்தான் திருத்தம் பெற்று 1813-இல் 'பிரைடு அண்டு பிரிஜுடிஸ்' என்ற பெயரோடு வெளிவந்தது. மறுக்கப்பட்டது எது? நூலா? இல்லை, ஒரு கடிதம். இன்றும் அப்படித்தான். முகவர் மறுப்பது பெரும்பாலும் ஒரு பக்கக் கடிதத்தை, ஐந்து பத்துப் பக்கங்களை. முந்நூறு பக்கத்தை அவர் கண்டதில்லை. காணாததற்குத் தீர்ப்புச் சொல்ல எவராலும் இயலாது.

இரண்டாவது கேள்வி, சொன்னவர் யார் என்பது. வில்லியம் கோல்டிங் எழுதிய 'லார்டு ஆஃப் தி ஃபிளைஸ்', பல பதிப்பகங்களில் மறுக்கப்பட்டு, 1953-இல் ஃபேபர் நிறுவனத்துக்கு வந்தது. அங்கே முதலில் படித்தவர், சாரமற்றது, சலிப்பூட்டுவது என்று குறித்து ஒதுக்கினார். அதே அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த சார்லஸ் மான்டீத் என்ற இளைஞர், ஒதுக்கப்பட்டதை எடுத்துப் படித்தார், விடவில்லை. 1954-இல் நூல் வந்தது. 1983-இல் கோல்டிங்குக்கு நோபல் பரிசும் வந்தது. ஒரே கூரை, ஒரே கட்டுத்தாள், இரண்டு கண்கள், இரண்டு முடிவுகள்!

கண்கள் படிப்பது எழுத்தை மட்டுமா? டோரிஸ் லெஸ்ஸிங் இதனைச் சோதித்தே பார்த்தார். உலகப் புகழ் பெற்றிருந்த அவர், ஒரு நாவலை எழுதி, 'ஜேன் சோமர்ஸ்' என்ற புனைபெயரிட்டுத் தம் முகவர் வழியே அனுப்பினார். அவருடைய நூல்களை ஆண்டுக்கணக்கில் வெளியிட்டுவந்த ஜொனாதன் கேப் நிறுவனமே அதை மறுத்தது. வேறொரு நிறுவனம் 1983-இல் வெளியிட்டது. 1984-இல் உண்மையை அவரே உடைத்தார். பேனா அதே பேனா. மாறியது பெயர் மட்டுமே.

பெயரிலே ஆண் பெண் வேறுபாடும் ஒளிந்திருக்கிறது. கேத்தரின் நிக்கல்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் 2015-இல் தம் அனுபவத்தை எழுதி வெளியிட்டார். தம் பெயரில் ஐம்பது முகவர்களுக்கு எழுதினார். நாவலைக் கேட்டவர் இருவர். அதே நாவலுக்கு ஆண் பெயரில் ஐம்பது கடிதம் அனுப்பினார். கேட்டவர் பதினேழு பேர்! ஒருவர் செய்த சோதனை உலக விதி ஆகாது. அதை நாமும் மறக்க வேண்டா. ஆனாலும் இந்தப் பதினேழும் இரண்டும் நம் முன் நின்று கேட்கின்றன: பெயரைப் பார்த்து மதிப்பு ஏறி இறங்குமானால், அந்தத் தராசை நடுநிலைத் தராசு என்று எவ்வாறு அழைப்பது? பிறப்பைக் கேட்டுப் பெருமை வழங்கும் வழக்கத்தை வெறுத்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதன்று.

மூன்றாவது கேள்விதான் ஆணிவேர். முகவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளும் வினா 'இது நல்ல எழுத்தா?' என்பது மட்டும் அன்று. 'இதை என்னால் விற்க முடியுமா? எனக்குத் தெரிந்த பதிப்பாசிரியர்களில் இதை விரும்புவார் உண்டா? சென்ற ஆண்டு இதுபோன்ற நூல் ஓடியதா?' என்பன அவர் வினாக்கள். அங்காடியைப் பற்றிய கணிப்பு அது. கணிப்பு பிழைப்பதும் உண்டு. ஹாரி பாட்டர் முதல் நூலை முகவர் கிறிஸ்டோபர் லிட்டில் ஏற்றுக்கொண்ட பின்னரும், பன்னிரண்டு பதிப்பகங்கள் மறுத்தன. புளூம்ஸ்பரி ஏற்று 1997-இல் வெளியிட்டது. ஆக, 'இல்லை' என்பதன் பொருள் 'நான் இதை விற்க இயலாது' என்பதே. அதை 'நீ எழுதத் தகாதவன்' என்று மொழிபெயர்த்துக்கொள்வது நாமேதான்.

அப்படியானால் முகவர்கள் கொடியவர்களா? மறுக்கப்பட்டதெல்லாம் மாணிக்கமா? இங்கேதான் அறிவு நம்மை இரண்டாம் முறை தடுத்து நிறுத்துகிறது. கோல்டிங் கதையை நாம் அறிவோம், ஏனெனில் அவர் வென்றார். தகுதியின்மையால் மறுக்கப்பட்டு, தகுதியின்மையாலேயே மறக்கப்பட்ட கையெழுத்துப்படிகளின் கதையை எவரும் எழுதுவதில்லை. வென்றவரை மட்டும் எண்ணிக் கணக்குப் போடுவது, பிழைத்தவன் காணிக்கை செலுத்தியதைக் காட்டி, கோயிலின் மகிமை என்று கூறுவதைப் போன்றது. மூழ்கியவர் கணக்கு எங்கே? மேலும், ஒரு முகவருக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் கடிதங்கள் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுத அவரால் ஆகாது. மறுப்பை மகுடமாகச் சூட்டிக்கொள்வதும் மடமை. மறுப்பைச் சவுக்கடியாக ஏற்றுக்கொள்வதும் மடமை.

சவுக்கடியாக ஏற்பதன் விலை சில வேளை மிகப் பெரிது. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரைச் சேர்ந்த ஜான் கென்னடி டூல் ஒரு நகைச்சுவை நாவல் எழுதினார். புகழ்மிக்க பதிப்பகம் ஒன்றின் ஆசிரியரோடு 1964 முதல் கடிதப் போக்குவரத்து நடந்தது. திருத்துங்கள் என்றார்கள், திருத்தினார். இன்னும் போதாது என்றார்கள். அலுத்துப்போய் மூலையில் வைத்தார். 1969-இல், 31-ஆம் வயதில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அந்த மறுப்பு ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. உள்ளத்து நோய்க்கு வேர்கள் பல. ஆனால் பின்னர் நடந்ததைக் கேளுங்கள். அவருடைய தாய் அந்தக் கட்டுத்தாளைச் சுமந்துகொண்டு அலைந்தார். எழுத்தாளர் வாக்கர் பெர்சியைப் பிடித்துப் படிக்கவைத்தார். 1980-இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகப் பதிப்பகம் அச்சிட்டது. 1981-இல் புலிட்சர் பரிசு! பரிசு வந்தது, பெற வேண்டியவர் இல்லை. எழுத்தின் மதிப்பை எடைபோட எத்தனை வாயில்களும் இருக்கலாம். எழுதியவரின் உயிர் மதிப்பை எடைபோடும் உரிமை எந்த வாயிலுக்கும் இல்லை; அந்த உரிமையை நாமாக வழங்கிவிடவும் கூடாது.

அறம் இரு பக்கமும் கடமை வைக்கிறது. காவலர் பக்கம்: படித்துப் பார்ப்பதற்கே கட்டணம் கேட்பவர் காவலர் அல்லர், வழிப்பறிக்காரர். அமெரிக்க முகவர் சங்கத்தின் நெறிமுறையே அதைத் தடை செய்கிறது. விரிவான காரணம் தர இயலாவிடினும், ஒரு வரி விடை தருவது மனிதப் பண்பு. பெயரை மறைத்து வைத்துப் பக்கங்களைப் படிப்பது தராசைச் சீர்செய்யும் எளிய வழி. எழுத்தாளர் பக்கம்: பிழையற எழுதுக, சுருங்கச் சொல்லுக, பொய் புனையற்க. ஐந்து பேர் ஒரே குறையைச் சுட்டினால், ஐவரும் பகைவர் என்று கருதாமல் ஏட்டை மீண்டும் திறந்து பார்க்க. ஒருவர் மறுத்தால் மற்றொரு கதவைத் தட்டுக. 'தி ஹெல்ப்' என்ற நாவலை எழுதிய கேத்ரின் ஸ்டாக்கெட்டை அறுபது முகவர்கள் மறுத்தனர், அறுபத்தோராமவர் ஏற்றார். 2009-இல் நூல் வெளிவந்தது. அவர் இடையிடையே திருத்தித் திருத்தியே அனுப்பினார் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தக் கதை முழுமை பெறும்.

வாயிற்காவலன் முன் எப்படி நிற்பது என்பதைத் தமிழ் நெடுங்காலத்துக்கு முன்பே கற்பித்திருக்கிறது. அதியமான் பரிசில் தரத் தாழ்த்தியபோது, ஔவை அழவில்லை, அடிவீழவில்லை. வாயில் காப்போனையே விளித்து, உலகம் பெரிது, அறிவுடையோர் மாண்டுபோகவில்லை, தொழில் தெரிந்தவருக்கு எத்திசையிலும் சோறு உண்டு என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தார். புறநானூறு காட்டும் அந்த நிமிர்வுக்கு அடிப்படை ஆணவம் அன்று. தன் தொழிலில் கொண்ட தேர்ச்சி. கருவி கையில் உள்ள தச்சன் காட்டுக்கு அஞ்சான்.

தோழர்களே! எழுதுங்கள், திருத்துங்கள், அனுப்புங்கள். 'இல்லை' என்று ஏடு திரும்பி வருமானால், எதைப் படித்தார், யார் படித்தார், எந்தக் கேள்விக்கு விடை சொன்னார் என்ற மூன்றையும் கேட்டுவிட்டு, கற்க வேண்டியதைக் கற்றுக்கொண்டு, அடுத்த உறையின்மேல் முகவரி எழுதுங்கள்.