யாருக்கு நன்றி சொல்வது?

பெரியம்மா மாதத்தில் மூன்று வாரம், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கேப்ஸ்யூல் போட்டுக்கொள்கிறார். லெனலிடோமைட். அவருக்கு மல்டிபிள் மைலோமா, எலும்பு மஜ்ஜையில் வரும் புற்றுநோய். அதைக் கட்டுக்குள் வைத்துக்கொண்டு நான்கு வருடமாக வாழ்கிறார்.

மருமகள் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த அன்று, மருந்து டப்பாவைத் தன் பீரோவில் வைத்துப் பூட்டினார். "அவ கை இதுல படவே கூடாதாம், டாக்டர் சொல்லியிருக்கார். ஏன்டா அப்படி?"

தேடிப் பார்த்தேன். லெனலிடோமைடின் தாய் மருந்து தாலிடோமைட். 1957இல் மேற்கு ஜெர்மனியில் தூக்க மருந்தாக வந்தது. கர்ப்பிணிகள் குமட்டலுக்கும் சாப்பிட்டார்கள். 1961இல் அங்கே திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் பல நாடுகளில் சேர்த்து 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டிருந்தன. பல குழந்தைகளுக்குக் கை கால் வளரவே இல்லை. பல பிழைக்கவே இல்லை. பிறகு அமெரிக்காவின் ஆர்கன்சாவில், பெரும்பாலும் மற்ற சிகிச்சைகள் கைவிட்ட 84 மைலோமா நோயாளிகளுக்கு அதே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1999இல் முடிவு வெளியானது: ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் பலன்.

'தீமையிலும் ஒரு நன்மை' என்று சொல்லிவிடலாம்தான். எனக்கு வாய் வரவில்லை. பாற்கடல் கதையில் நஞ்சும் அமுதும் ஒரே கடலிலிருந்துதான் வந்தன. ஆனால் அங்கே நஞ்சைக் குடித்தவர் தெரிந்தே குடித்தார். இங்கே கருவிலிருந்த பிள்ளைகளை யார் கேட்டார்கள்?

பழைய தவறு வேறு, இன்றைய மருந்து வேறு என்று பிரிக்கவும் வழியில்லை. தாலிடோமைட் உடலில் செரிப்லான் என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது என்று 2010இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அந்தப் பிடியால் செல் தன் வேறு சில புரதங்களைத் தானே அழிக்கிறது. மைலோமா செல்லில் அழிவது, அது பிழைத்திருக்கத் தேவையான புரதங்கள். கருவில் அழிவது, கை கால் உருவாகத் தேவையான புரதம். செயல் ஒன்றுதான்.

விலை என்பது ஒப்புக்கொண்டு கொடுப்பது. அந்தக் குழந்தைகள் எதையும் கொடுக்கவில்லை, அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டது. அதனால் அவர்களுக்கு நன்றி சொல்வதுகூடப் பொய்யாகப் படுகிறது. பீரோவைப் பூட்டுவது மட்டும்தான் நேர்மையாகத் தெரிகிறது.

எல்லாவற்றையும் சொன்னேன். பெரியம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அந்தப் பிள்ளைங்க இப்ப எங்கடா இருப்பாங்க?"

"இருக்கறவங்களுக்கு அறுபது தாண்டியிருக்கும், பெரியம்மா."

"என் வயசு."

கேப்ஸ்யூலை விழுங்கினார். எழுந்து போய் சோப்புப் போட்டுக் கை கழுவினார்.