எளிமையாக வாழ்ந்த பேரரசர்

அடக்கச் செலவுக்கு 4 ரூபாய் 2 அணா. அது தம் கையால் தொப்பி தைத்து விற்றதில் வந்த பணம். திருக்குர்ஆனைப் பிரதியெடுத்துச் சேர்த்த 305 ரூபாயை ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். ஔரங்கசீப்பின் உயில் என்று வழங்கும் ஏடு இப்படிச் சொல்கிறது. 49 ஆண்டுகள் அரியணையில் இருந்தவர், 1707-இல் இறந்தபோது மகாராஷ்டிரத்தின் குல்தாபாத் தர்கா வளாகத்தில் ஒரு மண் குழியில் அடக்கமானார். மேலே கூரை கிடையாது. சுற்றியுள்ள பளிங்குத் தடுப்புகூடப் பிற்காலத்தில் வந்ததுதான்.

எளிமையான தலைவரைக் கண்டால் தமிழருக்குக் கை தானாகக் குவியும். காமராசரின் கதர்ச் சட்டையையும் கக்கனின் ஏழ்மையையும் பேசிப் பேசி வளர்ந்த சமூகம் இது. அதனாலேயே இந்தக் கேள்வியை நாம் தட்டிக் கழிக்கக் கூடாது. ஆள்பவரின் சொந்த ஒழுக்கம், ஆளப்பட்டவர்கள் பட்ட பாட்டுக்கு ஈடாகுமா?

விடை தேடித் தில்லிக்குப் போக வேண்டியதில்லை. ஊரப்பாக்கத்தை ஒட்டிய கிளாம்பாக்கத்தில் திருவண்ணாமலைக்கு வண்டி ஏறினால் செங்கல்பட்டு, மதுராந்தகம், திண்டிவனம் கழித்துச் செஞ்சி வந்துவிடும். ஔரங்கசீப் 1681-இல் தக்காணத்துக்கு இறங்கியவர், வடக்கே திரும்பவே இல்லை. 1686-இல் பிஜப்பூர், 1687-இல் கோல்கொண்டா விழுந்தன. கோல்கொண்டாவின் கையில் இருந்த செங்கல்பட்டுச் சீமையும் அத்தோடு முகலாயர் வசமானது. 1689-இல் மராட்டிய அரசர் சம்பாஜி கொல்லப்பட்டபின் தம்பி ராஜாராம் செஞ்சிக்கு வந்து சேர, பேரரசரின் தளபதி சுல்ஃபிகர் கான் 1690-இல் கோட்டையை வளைத்தார். அது விழ 1698 ஆயிற்று.

அந்த முற்றுகையின் கதையை யார் யாரை வென்றார் என்றே படித்துப் பழகிவிட்டோம். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையடிவாரத்தில் கல்யாண மஹாலுக்குப் பக்கத்தில் நிற்கும் களஞ்சியத்துக்குள் ஒருமுறை நுழைந்து பார்க்க வேண்டும். தடித்த சுவர், வளைவுக் கூரை, வெயில் எட்டாத இருட்டு. மலைமேல் இருந்தவர்களுக்கு அந்த நெல் எங்கிருந்து வந்தது? கீழே கூடாரமடித்தவர்களுக்குத் தீனி எங்கிருந்து வந்தது? மராட்டியக் குதிரைப்படை வழிமறித்ததில் முகலாயப் பாசறையே பட்டினி கிடந்தது. சுல்ஃபிகர் கான் வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது. பிறகு தஞ்சாவூர் வரை போய்க் கப்பம் வாங்கி வந்தார். ஆயுதம் பிடித்த கூட்டமே சோற்றுக்கு அலைந்த நாட்டில், விதைநெல்லை ஒளித்து வைக்கவும் இடமில்லாத குடியானவர் என்ன ஆகியிருப்பார்? அவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. இரண்டு படைகளும் அவர் களத்து நெல்லைத்தான் தின்றன.

பேரரசர் கொடியவராக மட்டுமே இருந்தார் என்று சொல்வதும் நேர்மையல்ல. ஆட்சியின் தொடக்கத்தில் பல சில்லறை வரிகளை நீக்கினார். சில கோயில்களுக்கு மானியமும் தந்தார், காசியிலும் மதுராவிலும் புகழ்பெற்ற கோயில்களை இடிக்கவும் உத்தரவிட்டார். தந்தையை ஆக்ரா கோட்டையில் சாகும்வரை சிறைவைத்தார். 1679-இல் முஸ்லிம் அல்லாதவர் மீதான ஜிஸ்யா வரியை மீண்டும் விதித்தார். அதை எதிர்த்துத் தில்லியில் திரண்ட மக்கள், அவர் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போகும் வழியை அடைத்து நின்றதாகவும், யானைகளை விட்டு வழி உண்டாக்கப்பட்டதாகவும் வரலாற்றாசிரியர் காஃபி கான் எழுதுகிறார். பேரரசர் தொழப் போனது உண்மையான பக்தியால்தான். அதைச் சந்தேகிக்க வேண்டியதே இல்லை. ஆனால் மிதிபட்டவருக்கு அந்த பக்தி என்ன செய்தது? தொப்பி தைத்த விரல்கள் பேரரசருக்கும் இறைவனுக்கும் இடைப்பட்ட விஷயம். காமராசரின் எளிமையைக் கும்பிடுகிறோம் என்றால், அவர் திறந்த பள்ளிக்கூடங்களும் அங்கே போட்ட மதிய உணவும் அதன் பின்னால் இருக்கின்றன. அவை இல்லாத இடத்தில் கதர்ச் சட்டை வெறும் சட்டை.

கடைசி நாட்களில் ஔரங்கசீப் மகன்களுக்கு எழுதியவையாக வழங்கும் கடிதங்களில், நாட்டுக்கும் மக்களுக்கும் தாம் நல்லது செய்யவில்லை என்ற வேதனை தெரிகிறது. அது நெஞ்சைத் தொடுகிறது. ஆனாலும் எண்பது வயது தாண்டியும் கோட்டை கோட்டையாகப் போர் நடத்தியவர் அவர். போரை நிறுத்தும் அதிகாரம் உலகில் ஒருவருக்கு மட்டுமே இருந்தது. அவர் நிறுத்தவில்லை. அதிகாரம் கையில் இருக்கும்வரை செயலாக மாறாத வருத்தத்தை ஆளப்பட்டவர் ஏன் ஏற்க வேண்டும்?

இதே அளவுகோலை நம் பக்கமும் திருப்ப வேண்டும். கடற்கரையில் மாமல்லபுரம் யார் பெயரைத் தாங்கி நிற்கிறதோ, அந்தப் பல்லவ மன்னர் நரசிம்மவர்மன் 642-இல் சாளுக்கியரின் வாதாபியைச் சூறையாடினார். வாதாபி கொண்டான் என்ற பட்டத்தை இன்றும் பெருமையோடு சொல்கிறோம். வாதாபியிலும் களஞ்சியம் இருந்திருக்கும், குழந்தைகள் இருந்திருப்பார்கள். ஔரங்கசீப்பை நிறுக்கும் தராசில் மாமல்லரை நிறுக்க மனம் வராவிட்டால், நாம் கேட்பது நியாயம் இல்லை, பழிதான்.

2025 மார்ச்சில் குல்தாபாத் கல்லறையை அகற்றச் சொல்லிக் கிளம்பிய போராட்டத்தை ஒட்டி நாக்பூரில் கலவரம் வெடித்தது. 300 ஆண்டுக்கு முந்திய அரசருக்காக இன்று கடை வைத்துப் பிழைப்பவரும் பள்ளிக்குப் போகும் பிள்ளையும் பதில் சொல்ல வேண்டுமென்பது எந்த அறத்திலும் சேராது. செஞ்சியைப் பாடிய தமிழர் இதைச் செய்யவில்லை. 1714-இல் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு மோதி மாண்ட செஞ்சி மன்னன் தேசிங்குராஜனின் கதைப்பாடலில், அவனுக்காகக் களத்தில் உயிர்விடும் உற்ற நண்பன் ஒரு முஸ்லிம். கேட்பவர் இருவருக்காகவும் அழுதார்கள்.

2025 ஜூலையில் செஞ்சி, மராட்டிய ராணுவ நிலப்பரப்பின் பகுதியாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இனிக் கூட்டம் கூடும், புதிய அறிவிப்புப் பலகைகள் வரும். ராஜாராமின் பெயரும் சுல்ஃபிகர் கானின் பெயரும் கட்டாயம் இருக்கும். களஞ்சியத்தின் முன்னால் வைக்கும் பலகையில், அந்த எட்டு ஆண்டுகள் சுற்றியிருந்த ஊர்களின் நெல் இரண்டு படைகளுக்கும் போனது என்று ஒரு வரி எழுதச் சொல்லித் தொல்லியல் துறையை இப்போதே கேட்கலாம்.