பேய் சொன்ன சாட்சி



சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. உபவாச ஜெபம் முடிந்து காளவாசல் வழியாக இரவில் திரும்பிக்கொண்டிருந்தோம். கூட வந்த ஓய்வுநாள் பள்ளிப் பையன் ஒருவன் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்: "பாஸ்டர், சம்மட்டிபுரத்துல தலை இல்லாம, கை கால் இல்லாம ஒருத்தரப் பொதைச்சிருக்காங்களாமே. எங்க பாட்டி சொல்லுச்சு. ராத்திரில அவரு எந்திரிச்சு வருவாரா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா, ஜெபம் பண்ணிட்டுப் படு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் அன்று எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. பிள்ளை கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று ஆவியானவர் என் இருதயத்தில் கேட்டுக்கொண்டே இருந்தார். அதனால்தான் இந்த மாதம் இதை எழுதுகிறேன்.

நவாப் யாருக்குப் பயந்தார்?

அந்தப் பையனின் பாட்டி சொன்னது வெறும் கட்டுக்கதை அல்ல. கான்சாகிப் என்று நம் ஊரில் சொல்லப்படும் யூசுப்கான், கம்பெனிப் படையில் சிப்பாய்களுக்குத் தலைவராக இருந்து, மதுரையையும் திருநெல்வேலியையும் ஆண்டவர். மருதநாயகம் என்றால் உங்களுக்குத் தெரியும். பிறகு அவர் ஆற்காட்டு நவாப் முகமது அலியையும் வெள்ளைக்காரரையும் எதிர்த்து நின்றார். மதுரைக் கோட்டையை முற்றுகையிட்டும் அவர்களால் எளிதில் பிடிக்க முடியவில்லை. கடைசியில் கூட இருந்தவர்களே அவரைப் பிடித்துக் கொடுத்தார்கள். 1764 அக்டோபர் 15-ம் தேதி மதுரைக்கு மேற்கே தூக்கிலிட்டார்கள்.

அதற்கு மேல் ஜனங்கள் சொல்லும் கதை இது. கயிறு இரண்டு தரம் அறுந்துபோனதாம். மூன்றாம் தரம்தான் உயிர் பிரிந்ததாம். அப்படியும் நவாபுக்குப் பயம் தீரவில்லை. மறுபடி எழுந்து வந்துவிடுவாரோ என்று உடலைத் துண்டாக்கி, தலையைத் திருச்சிக்கும், கைகளைப் பாளையங்கோட்டைக்கும், கால்களைப் பெரியகுளத்துக்கும் தஞ்சாவூருக்கும் அனுப்பினாராம். மிச்சம் சம்மட்டிபுரத்தில். அந்த அடக்கத்தின்மேல் 1808-ல் ஒரு பள்ளிவாசல் எழும்பியது. தேனி ரோட்டில் போகிறவர்கள் இன்றும் பார்க்கலாம்.

பிரியமானவர்களே, இந்தக் கதையில் பயந்தது யார்? தூங்குகிற சின்னப் பிள்ளை அல்ல. ஜெயித்த ராஜா! இதே காரியம் வேதத்திலும் இருக்கிறது. இயேசுவின் புகழைக் கேள்விப்பட்ட ஏரோது என்ன நினைத்தான்? நான் தலையை வெட்டின யோவான்தான் எழுந்து வந்துவிட்டான் என்று நடுங்கினான் (மாற்கு 6:16). யோவான் அவனைத் தேடி வரவில்லை. அவன் கையில் இருந்த இரத்தம்தான் அவனை உறங்கவிடவில்லை.

மரித்தவன் தன் வீட்டுக்குத் திரும்புவதில்லை என்று யோபு சொல்லுகிறார் (யோபு 7:9,10). ஐசுவரியவானுக்கும் லாசருவுக்கும் நடுவே பெரும்பிளப்பு இருந்தது என்று ஆண்டவர் சொன்னார் (லூக்கா 16:26). அப்படியிருக்க, தென்கோடியில் நம் ஜனங்கள் ஒரு வெள்ளைக்கார துரைக்கே படையல் போட்டிருக்கிறார்கள். கேப்டன் போல் என்ற அதிகாரி 1809-ல் திருவாங்கூர் எல்லையில் நடந்த சண்டையில் காயப்பட்டு இறந்தார். அகால மரணமடைந்தவர் பேயாய் அலைவார் என்று பயந்து, அவர் கல்லறையில் சாராயமும் சுருட்டும் வைத்து வணங்கினார்கள். இடையன்குடியில் ஊழியம் செய்த கால்டுவெல் ஐயர் 1849-ல் வெளிவந்த புத்தகத்தில் இதை எழுதியிருக்கிறார். செத்தவர் சுருட்டுக் கேட்கவில்லை. பயம் கேட்டது, ஜனங்கள் கொடுத்தார்கள்.

இங்கே நிறுத்தினால் உங்களுக்கு அல்லேலூயா சொல்ல இலேசாக இருக்கும். "நாம அப்படி இல்ல பாஸ்டர், நாம விசுவாசிகள்" என்பீர்கள். ஆனால் விசுவாசிகளின் கதையையும் கேளுங்கள்.

இன்னொரு சேலம்

நம் சேலம் அல்ல. அமெரிக்காவில் மாசாசூசெட்ஸ் என்ற பகுதியில் ஒரு சேலம் உண்டு. அங்கே குடியேறினவர்கள் வேதத்தை நேசித்த ஜனங்கள். 1692-ல் சேலம் கிராமத்துப் போதகரின் வீட்டிலேயே அவருடைய 9 வயது மகளுக்கும், 11 வயது உறவுக்காரப் பிள்ளைக்கும் உடம்பு முறுக்கி, அலறி, விழ ஆரம்பித்தது. பெரியவர்கள் என்ன கேட்டார்கள் தெரியுமா? "உங்களை இப்படிச் செய்கிறது யார்?" பிள்ளைகள் பேர் சொன்னார்கள். முதலில் ஓர் அடிமைப் பெண், ஒரு பிச்சைக்காரி, சபைக்கு வராத ஒரு கிழவி. பிறகு ஊரே மாட்டிக்கொண்டது. 150 பேருக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டார்கள்.

சாட்சி என்ன? "அவளுடைய ஆவி வந்து என்னைக் கிள்ளுகிறது" என்று பிள்ளை சொன்னால் அதுவே கோர்ட்டில் சாட்சி! அந்த ஆவி வேறு யார் கண்ணுக்கும் தெரியாது. 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். ஒரு முதியவரைக் கல் ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். சூனியக்காரி என்று ஒத்துக்கொண்டு அதிலேயே நின்றவர்கள் உயிர் தப்பினார்கள். பொய் சொல்ல மாட்டேன் என்றவர்கள் மாண்டார்கள். ரெபேக்கா நர்ஸ் என்ற 71 வயது தாயார், எல்லாராலும் பக்தியுள்ளவர் என்று எண்ணப்பட்டவர். அவரைச் சபையை விட்டும் விலக்கி, தூக்கிலும் போட்டார்கள். அந்த விலக்கை அந்தச் சபை நீக்கியது 1712-ல். இருபது வருஷம் கழித்து!

சூனியக்காரியை உயிரோடே வைக்கலாகாது என்கிற யாத்திராகமம் 22:18 அவர்கள் கையில் இருந்தது. அதே அதிகாரத்தில் நாலு வசனம் தள்ளி, விதவையை ஒடுக்காதே என்று 22-ம் வசனம் இருந்தது. அதுவரை அவர்கள் வாசிக்கவில்லை போலும்.

என் கையில் இருந்த இரத்தம்

இப்போது என் காரியத்தைச் சொல்ல வேண்டும். வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ முடித்து ஊழியத்துக்கு வந்த புதிது. திருமங்கலம் பக்கம் ஒரு கிராமத்தில் ஜெபக்கூட்டம். புதிதாய்க் கலியாணமான ஒரு மகள் நடுக்கூட்டத்தில் விழுந்து கைகால் வெட்டி இழுத்தாள். நான் தலையில் கைவைத்து, சத்தமாக, "யார் உன்னை அனுப்பினது? பேரைச் சொல்லு!" என்று கேட்டேன். ஒரு தரம் அல்ல, ஏழெட்டுத் தரம் கேட்டேன். கடைசியில் அவள் வாயிலிருந்து ஒரு பேர் வந்தது. எதிர்வீட்டில் பணியாரம் சுட்டு விற்கிற விதவைத் தாயார். நம் கூட்டத்துக்கே வருகிறவர். அன்றைக்கும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. பிசாசு ஓடிப்போனது என்று ஸ்தோத்திரம் பண்ணி முடித்தேன்.

மறுநாளிலிருந்து அவரிடம் யாரும் பணியாரம் வாங்கவில்லை. அவர் தெருவில் வந்தால் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். மூன்று மாதத்தில் வீட்டைப் பூட்டிவிட்டு மகள் ஊருக்குப் போய்விட்டார். அந்தப் பெண்ணுக்கோ மறுபடியும் மறுபடியும் வந்தது. கடைசியில் மதுரையில் டாக்டரிடம் காட்டினார்கள். வலிப்பு நோய். மாத்திரை கொடுத்தார்கள். கர்த்தருடைய கிருபையால் இன்று சுகமாய் இருக்கிறாள்.

நான் பஸ் ஏறிப் போய் அந்தத் தாயாரைப் பார்த்தேன். "மன்னிச்சிருங்கம்மா" என்றேன். அவர் திட்டவில்லை. காபி கொடுத்தார். பிறகு சொன்னார்: "ஐயா, அன்னிக்கு நீங்க பேய்கிட்ட அத்தன தரம் கேட்டீங்க. பின்னாடிதான உக்காந்திருந்தேன். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

தேவபிள்ளைகளே, எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அந்த ஒரு வார்த்தை போல எதுவும் என்னைக் குத்தினதில்லை.

வேதம் காட்டும் வழி

பிசாசு பொய்யனும் பொய்க்குப் பிதாவுமாய் இருக்கிறான் (யோவான் 8:44). மேடையில் இதைப் பிரசங்கிக்கிறோம். கீழே இறங்கி வந்து அவனிடமே சாட்சி கேட்கிறோம்! இது எப்படி நியாயம்? உடுக்கை அடித்துப் பேயைப் பேச வைக்கிற கோடாங்கியைக் குறை சொல்லுகிறோம். உடுக்கை இல்லாமல் அதையே நாம் செய்தால் என்ன வித்தியாசம்?

ஆண்டவர் பிசாசுகளைப் பேசவிடவில்லை (மாற்கு 1:34). பிலிப்பி பட்டணத்தில் குறிசொல்லுகிற பெண் சொன்னது உண்மைதான். ஆனாலும் பவுல் அந்தச் சாட்சியை ஏற்கவில்லை (அப்போஸ்தலர் 16:16-18). "ஆனா பாஸ்டர், லேகியோனிடம் இயேசுவே பேர் கேட்டாரே?" என்று ஒரு சகோதரர் கேட்டார். நல்ல கேள்வி. கேட்டார், ஆனால் அதனுடைய பேரைத்தான் கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர் பேரைக் கேட்கவில்லை. ஒருவன்மேல் குற்றம் நிற்க வேண்டுமானால் இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும் என்பது கர்த்தருடைய பிரமாணம் (உபாகமம் 19:15). அந்தச் சாட்சிகள் மனுஷராய் இருக்க வேண்டும்.

அசுத்த ஆவிகள் இல்லை என்று நான் சொல்லவில்லை. இயேசுவின் நாமத்தில் விடுதலை உண்டு, நான் கண்டிருக்கிறேன். ஆனால் விழுகிற எல்லாரும் பிசாசு பிடித்தவர்கள் அல்ல. 2001 ஆகஸ்ட் 6-ல் இராமநாதபுரம் மாவட்டத்தில், ஏர்வாடியில், சங்கிலியில் கட்டிவைத்திருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டார்கள். ஓடமுடியவில்லை. அது வேறு மார்க்கத்தார் காரியம் என்று தள்ளாதிருங்கள். நம் ஜெபவீடுகளிலும் வியாதியஸ்தரைக் கட்டிப்போட்டதும் அடித்ததும் உண்டு. இனி நம் சபையில் ஆவியிடம் யாரும் கேள்வி கேட்க வேண்டாம். வாயிலிருந்து பேர் வந்தால் அதை யாரும் வெளியே சொல்ல வேண்டாம். ஜெபமும் பண்ணுவோம், பெரியாஸ்பத்திரிக்கும் கூட்டிக்கொண்டு போவோம். லூக்காவும் வைத்தியன்தானே!

எழுந்து நின்றவர்கள்

சேலத்தில் தீர்ப்புச் சொன்ன நீதிபதிகளில் ஒருவர் சாமுவேல் சூவால். 1697-ல் உபவாச நாளன்று போதகர் அவருடைய பாவ அறிக்கையை வாசிக்க, அவர் சபை நடுவே எழுந்து நின்றார். குற்றம் சாட்டின பெண்களில் ஒருத்தியான ஆன் புட்னம் 1706-ல் அதேபோல சபையில் நின்றாள். பாவம் செய்த ஊரைத் தேவன் தள்ளிவிடவில்லை. 1812-ல் அதே சேலம் பட்டணத்தில்தான் அமெரிக்க மிஷனெரி சங்கம் ஆசியாவுக்கு அனுப்பின முதல் மிஷனெரிகள் அபிஷேகம் பெற்றார்கள். அந்தச் சங்கம்தான் 1834-ல் மதுரைக்கும் வந்தது. கிருபையைப் பாருங்கள்!

நானும் அந்தக் கிராமத்துக் கூட்டத்தில் எழுந்து நின்று, "அந்தத் தாயார்மேல் குற்றமில்லை, பாவம் என்னுடையது" என்று அறிக்கை செய்தேன். சிலர் அழுதார்கள். ஆனால் பூட்டின வீடு பூட்டினபடியேதான் இருக்கிறது. அவர் திரும்பி வரவில்லை. மன்னிப்புக் கிடைக்கும், போனதெல்லாம் திரும்பிவிடும் என்று அர்த்தமில்லை. ஆகவே பேர் சொல்லுமுன் நாவை அடக்குவோம்.

அடுத்த வாரம் அந்தப் பையனைக் கூப்பிட்டுச் சொன்னேன்: "செத்தவங்க எந்திரிச்சு வரமாட்டாங்கப்பா. நீ பயப்படாதே. ஆனா உயிரோட இருக்கிறவங்களுக்கு நாம செய்யற அநியாயம் இருக்கு பாரு, அதுக்குப் பயப்படு."

சபையாரே, உங்கள் தெருவிலும் அப்படிப் பேர் கட்டப்பட்ட ஒரு தாயார் இருக்கலாம். இந்த வாரம் அவர் வீட்டுக்குப் போங்கள். திண்ணையில் உட்காருங்கள். அவர் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடியுங்கள். எல்லாரும் பார்க்கக் குடியுங்கள்.

கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதித்துக் காப்பாராக. ஆமென்.